வீட்டு வாசலில் ‘டர்போ’ மாட்டலாமா?

“மச்சி, ஒரு டர்போ கிட் வாங்கி மாட்டிட்டா போதும்டா. வண்டி பறக்கும்!”

அடையாறு, மயிலாப்பூர், தியாகராயநகர் பக்கம் கார் வைத்திருக்கும் வாலிபர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது.

பார்சல் வீட்டுக்கே வருகிறது. செல்போனில் வீடியோ ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்கள் கூடுகிறார்கள். அடுக்குமாடி வீட்டின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், ஜாக்கி போட்டு காரை தூக்குகிறார்கள். சாயங்காலத்துக்குள் முடித்து விடலாம் என்று கணக்கு.

முடியுமா?

ஸ்பேனர் வேலை முடியும். ஆனால் அது பாதி வேலைதான். மீதி பாதி பார்சலில் வராது. பாதி வேலை செய்த காரை நம் ஊர் ரோட்டில் விடக்கூடாது. இதுதான் நம்முடைய கட்சி.

புகையால் சுற்றும் சக்கரம்

டர்போ என்றால் என்ன? முதலில் அதை பார்ப்போம்.

என்ஜினுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று பெட்ரோல், மற்றொன்று காற்று. பெட்ரோலை கூடுதலாக ஊற்றுவது சுலபம். ஆனால் அதை எரிக்க காற்று வேண்டுமே! என்ஜின் தானாக இழுக்கும் மூச்சுக்கு ஒரு அளவு உண்டு.

சைலன்சர் வழியாக புகை வீணாக போகிறது அல்லவா? அந்த புகையை கொண்டு ஒரு சிறிய சக்கரத்தை சுற்ற வைக்கிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். சக்தியும் கூடும்.

இது புது சரக்கு அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி 1905-ம் ஆண்டிலேயே இதற்கு காப்புரிமை பெற்றுவிட்டார். இன்று லாரி, பஸ், டீசல் கார் எல்லாவற்றிலும் டர்போ சர்வசாதாரணம். அதை தயாரிக்கும் தொழிற்சாலையே நம் பக்கத்தில், மாமல்லபுரம் போகும் வழியில், பையனூரில் இருக்கிறது.

ஆகவே டர்போ கெட்ட சாமான் என்று யாரும் சொல்லவில்லை. யார் மாட்டுகிறார்கள், எதில் மாட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு சிறியது. ஆனால் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெட்ரோல் காரை மிதித்து ஓட்டினால், அதன்மேல் அடிக்கும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியசை எட்டும். இத்தனைக்கும் அந்த தண்டை தாங்கி பிடிப்பது நூலிழை கனமுள்ள ஆயில்தான். ஆயில் வரும் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, இணைப்பு தளர்ந்தாலோ டர்போ காலி.

7 பவுண்டு என்றால் சும்மாவா?

“டயருக்கே 30 பவுண்டு காத்து அடிக்கிறோம். டர்போ தள்ளுறது வெறும் 7 பவுண்டுதானே!” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நம்மை சுற்றி இருக்கும் காற்றின் அழுத்தமே 14.7 பவுண்டுதான். அதோடு 7 சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு அளவெடுத்த வயிற்றில் ஒன்றரை ஆள் சாப்பாட்டை திணித்தால் என்ன ஆகும்? பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் கேஸ்கட், கிளட்ச் பிளேட் எல்லாம் அந்த பாரத்தை தாங்க வேண்டும். பழைய பாரத்துக்கு செய்த உறுப்புகள் அவை.

அதைவிட பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வார்கள்.

டர்போ இல்லாத இன்றைய பெட்ரோல் என்ஜினில், உள்ளே போகும் கலவையை சுமார் பத்தில் ஒரு பங்காக நசுக்கி அதன்பிறகுதான் பற்ற வைக்கிறார்கள். டர்போ தள்ளும் காற்றோ ஏற்கனவே அழுத்தப்பட்டு சூடேறிய காற்று. அதை மேலும் நசுக்கினால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ போய் சேரும் முன்பே, மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். உள்ளே சுத்தியலால் அடிப்பது போல சத்தம் கேட்கும். சில வினாடி நீடித்தாலே போதும். பிஸ்டன் உடையும். அல்லது ஓட்டை விழும்.

இதை தடுக்க, டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே காற்றை குளிர வைக்கும் ‘இண்டர்கூலர்’ வேண்டும். பெட்ரோலை கூடுதலாக பீய்ச்சும் இன்ஜெக்டர் வேண்டும். காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் பெட்ரோல் கணக்கு, ஸ்பார்க் கணக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும். காரை உருளைகள் மீது நிறுத்தி ஓட்டி, மீட்டரை பார்த்து பார்த்து செய்கிற வேலை அது. வீட்டு வாசலில் அந்த வசதி ஏது?

புதுப்பேட்டையில் பழைய டீசல் கார் டர்போ கிடைக்கிறது என்று அதை வாங்கி பெட்ரோல் காரில் மாட்ட நினைப்பவர்களும் உண்டு. டீசல் என்ஜினின் புகையை விட பெட்ரோல் என்ஜினின் புகைக்கு சூடு அதிகம். அந்த சூட்டுக்கு செய்யாத சாமானை இதில் மாட்டினால் எத்தனை நாள் தாங்கும்?

பெரிய கம்பெனியே திணறியது

“இவ்வளவு பயமுறுத்த வேணாம் சார்” என்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, 1962-ம் ஆண்டு ‘ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர்’ என்ற காரை டர்போவுடன் விற்பனைக்கு கொண்டு வந்தது. நாக்கிங் வராமல் இருக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தனி தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்கியவர்கள் பலர் ஊற்ற மறந்தார்கள். புகார் மேல் புகார் வந்தது. கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவை கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டி கொடுத்தது. 1963-ம் ஆண்டோடு அந்த காரின் கதை முடிந்தது.

ஆராய்ச்சி கூடமும், ஆயிரக்கணக்கான என்ஜினீயர்களும் வைத்திருந்த கம்பெனிக்கே அந்த கதி!

உள்ளூர் உதாரணமும் இருக்கிறது. ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் கார் 2020-ம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதில் இரண்டு வகை பெட்ரோல் என்ஜின். இரண்டும் 999 சி.சி.தான். டர்போ இல்லாதது 72 பி.எஸ். சக்தி, டர்போ உள்ளது 100 பி.எஸ். சக்தி.

“பார்த்தீங்களா, டர்போ போட்டதும் 28 கூடிருச்சு!” என்று சொல்ல தோன்றும். விஷயம் அது அல்ல. அளவு ஒன்றே தவிர, இரண்டும் வெவ்வேறு என்ஜின். டர்போவுக்கு என்று தனியாக வடிவமைத்த என்ஜினைத்தான் கம்பெனி வைத்தது. சாதாரண என்ஜினில் டர்போவை சொருகி கொடுக்கவில்லை. அப்படி செய்வது நல்லது என்றால் செலவு மிச்சம் என்று கம்பெனி அதையே செய்திருக்காதா?

கத்திரி வெயில், கார்த்திகை மழை

சரி, கிட் நல்ல கிட். மாட்டியவரும் கெட்டிக்காரர். அப்போதும் நம் ஊர் ரோடு என்று ஒன்று இருக்கிறதே!

டர்போ காருக்கு காற்றோட்டம் வேண்டும். உஸ்மான் ரோட்டில் தீபாவளி கூட்டத்தில் கார் எங்கே ஓடும்? லஸ் கார்னரில், மத்திய கைலாஷ் சிக்னலில், கத்திரி வெயிலில் கார் நின்றால், பானெட்டுக்கு கீழே அடுப்பு எரிவது போலத்தான். இண்டர்கூலர் மீது படுவது குளிர்ந்த காற்று அல்ல, முன்னால் நிற்கும் பஸ்சின் அனல்.

கிழக்கு கடற்கரை சாலையில் மிதித்து ஓட்டிவிட்டு வந்து வீட்டு வாசலில் சாவியை டக்கென்று திருப்பி என்ஜினை நிறுத்தினால் இன்னொரு தொல்லை. ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்போவின் சூடு குறையாது. உள்ளே தங்கிய ஆயில் கருகி அடையாக படியும். அடுத்த முறை அந்த அடையே எமன்.

மழை காலத்தை கேட்கவே வேண்டாம். கிட்டில் வரும் கூம்பு வடிவ பில்டரை, மேலே இடம் இல்லாமல், பம்பருக்கு பின்னால் தாழ்வாக வைத்து விடுகிறார்கள். தியாகராயநகரிலும் மயிலாப்பூரிலும் ஒரு மணி நேரம் கொட்டினால் முழங்கால் தண்ணீர். 2015-ம் ஆண்டு டிசம்பர், 2023-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளங்களை யாரும் மறக்கவில்லை. பில்டர் தண்ணீரை உறிஞ்சினால் அது நேராக சிலிண்டருக்குள் போகும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் மொத்தமும் போகும்.

மாடியில் குடியிருப்பவர் என்ன பாவம் செய்தார்?

“என் கார், என் காசு, என் என்ஜின்” என்று சொல்லலாம். ஆனால் இடம் உங்களுடையது மட்டும்தானா?

அடையாறு, மந்தைவெளி, அபிராமபுரம் பக்கம் அடுக்குமாடி வீடுகளை பாருங்கள். தரைதளத்தில் தூண்களுக்கு நடுவே கார்கள். பக்கத்திலேயே ஸ்கூட்டர்கள். சுவரில் வரிசையாக மின்சார மீட்டர் பெட்டிகள். மாடிப்படியும் அங்கேதான். அந்த இடத்தில் பெட்ரோல் குழாயை கழற்றுகிறார்கள்.

ஒழுங்காக முறுக்காத ஆயில் குழாயில் இருந்து சொட்டும் ஆயில், சிவக்க காய்ந்த டர்போ மீது பட்டால் தீ பிடிக்கும். மேலே தூங்கிக்கொண்டு இருக்கும் பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் இறங்கி வர அந்த ஒரே படிதானே வழி?

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுப்பது அதைவிட முட்டாள்தனம். ஜாக்கி, டயர் மாற்றுவதற்காக கொடுத்தது. அது சரிந்தால் சுமார் 1 டன் எடை நெஞ்சில் இறங்கும். கீழே போய் எந்த வேலை செய்தாலும் முட்டு ஸ்டாண்டு வேண்டும், சமதரை வேண்டும். இது டர்போவுக்கு மட்டும் அல்ல, எந்த வேலைக்கும்.

இன்னொன்று. டர்போ கிட்டில் பிரேக் வருவது இல்லை. வேகம் இரட்டிப்பு ஆனால், பிரேக் அடித்து கார் நிற்க வேண்டிய தூரம் நாலு மடங்கு ஆகும். இது பள்ளிக்கூட பிசிக்ஸ். 80-ல் நிற்பதற்கு செய்த பிரேக்கை வைத்துக்கொண்டு 160-ல் போகிறவர் யாரை நம்பி போகிறார்? கச்சேரி ரோட்டில் குறுக்கே கடக்கும் பூக்கார அம்மாவையா?

6 மாதம் ஜெயில்

இனி சட்டம்.

மோட்டார் வாகன சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது? தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக போகும்படி, ஆர்.சி. புத்தகத்தில் கண்ட வண்டியை மாற்றக்கூடாது என்கிறது.

கேரளாவில் இருந்து போன வழக்கில், 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதையே உறுதி செய்து தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ந்தேதி அமலுக்கு வந்த திருத்தத்தில், பிரிவு 182-ஏ மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாத முறையில் வண்டியை மாற்றிய சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதை கவனிக்க வேண்டும். டர்போ ஒன்று, சைலன்சர் ஒன்று என்று எண்ணினால் கணக்கு ஏறும்.

அபராதம் கூட பரவாயில்லை. இன்சூரன்சுதான் குடும்பத்தை உலுக்கும். பாலிசி எடுத்தபோது சொன்ன கார் ஒன்று, ரோட்டில் ஓடுகிற கார் வேறு ஒன்று. மாற்றத்தை மறைத்தால், காருக்கான இழப்பீட்டை மறுக்க கம்பெனிக்கு வழி கிடைக்கிறது. பாலிசி நிபந்தனையை மீறிய வழக்குகளில், அடிபட்டவருக்கு கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை கார் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ள கோர்ட்டு உத்தரவிடுவதும் உண்டு.

கார் பெரும்பாலும் அப்பா பேரில் இருக்கும். டர்போ மாட்டுவது மகன். கோர்ட்டு படி ஏறுவது யார்?

சோழவரம் நாட்கள்

இவ்வளவு சொன்னதால், வாலிபர்களின் கையில் இருந்து ஸ்பேனரை பிடுங்க வேண்டும் என்று அர்த்தம் அல்ல.

கார் என்ஜினை நோண்டுவதில் மெட்ராசுக்கு பெரிய பரம்பரை உண்டு. 1953-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. செங்குன்றத்தை தாண்டி சோழவரத்தில், உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்தது. பியட், ஹெரால்டு கார்களை எல்லாம் பிரித்து மேய்ந்து, பலம் ஏற்றி அங்கே கொண்டு போனார்கள். பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ரேஸ் பாதையே வந்துவிட்டது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலை சுற்றி, 3½ கிலோ மீட்டர் பாதையில் பார்முலா-4 இரவு பந்தயமும் நடந்தது. அதில் ஓடிய கார்களிலும் டர்போதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே காரை ஓடவிடும் முன்பு ஒருவர் சோதனை போடுவார். ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பு கருவி, ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக நிற்கும். குறுக்கே யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு மாட்டிய டர்போ, திங்கள் ராத்திரி கிழக்கு கடற்கரை சாலையில் சோதனை ஓட்டம் போகிறதே, அங்கே இவற்றில் எது இருக்கிறது?

வழி என்ன?

‘கூடாது’ என்று சட்டம் போட்டால் மட்டும் ஆசை அடங்கிவிடாது. ஒளிந்து செய்வார்கள். ஒளிந்து செய்கிற வேலை அரைகுறையாகத்தான் இருக்கும்.

கேஸ் கிட்டுக்கு சட்டத்திலேயே வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட்டை முறைப்படி மாட்டி, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பேட்டரிக்கு மாற்றவும் அதே பிரிவில் இடம் உண்டு. டர்போவுக்கு மட்டும் கதவு மூடி இருக்கிறது.

ஜெர்மனியில் காரை மாற்றினால், அங்கீகாரம் பெற்ற நிபுணர் சோதித்து சான்று கொடுக்கிறார். அதை வண்டி பத்திரத்தில் ஏற்றுகிறார்கள். இங்கே அது ஏன் முடியாது? வண்டிகளை சோதிக்கும் மத்திய அரசின் பெரிய ஆராய்ச்சி மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. எந்த காருக்கு எந்த கிட் பொருந்தும், அதோடு எந்த பிரேக் மாட்ட வேண்டும், புகை அளவு என்ன என்று அங்கே சோதித்து முத்திரை குத்தட்டும். லைசென்சு பெற்ற ஒர்க்‌ஷாப்பில் மட்டும் மாட்டட்டும். மந்தைவெளி, திருவான்மியூர், கே.கே.நகர் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பதிவு செய்யட்டும். இன்சூரன்சு கம்பெனி அதற்கு ஏற்ற பிரிமியம் வாங்கட்டும்.

இரண்டாவது, இருங்காட்டுக்கோட்டை பாதையில் சாதாரண வீட்டு பையன்களும் சொந்த காரை கொண்டுபோய் ஓட்ட, குறைந்த கட்டணத்தில் மாதம் ஒரு நாளாவது ஒதுக்க அரசும் கிளப்பும் பேசி ஏற்பாடு செய்யலாம்.

மூன்றாவது, கிட் விற்பவர்கள். ‘ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை’ என்ற விஷயத்தை பெட்டியின் மேல் தமிழில் கொட்டை எழுத்தில் அச்சடிக்க சொல்ல வேண்டும். இப்போது மாட்டுவதும் மாட்டிக்கொள்வதும் பையன்கள்தான்.

அதுவரை?

தம்பிகளே, வேகம் வேண்டும் என்றால் டர்போவோடு கம்பெனியே கொடுக்கும் கார் இருக்கிறது. வாரண்டியும் உண்டு, ஆர்.சி.யும் சுத்தம். இருக்கிற காரை நோண்டித்தான் தீருவேன் என்றால், முதலில் பிரேக், டயர், ஆயில், ஸ்பார்க் பிளக் இவற்றை கவனியுங்கள். அந்த வேலையிலேயே கை பழகும். காரும் நன்றாக ஓடும்.

பெற்றோர்களே, வாசலில் பெரிய பார்சல் வந்தால் என்ன சாமான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர்.

மத்திய போக்குவரத்து அமைச்சகமும் தமிழக போக்குவரத்து துறையும் அபராத ரசீதை மட்டும் நீட்டாமல், முறையான ஒரு வாசலையும் திறக்க வேண்டும்.

திறப்பார்களா?